தனுஷ்கோடி கேமில் சிரிப்புக்கு எங்கே இடம்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தனுஷ்கோடியை அழித்த 1964 புயலைக் கருவாக வைத்து நம் மாவட்டக் கல்லூரி மாணவர்கள் சிலர் வீடியோ கேம் உருவாக்கி வருவதாகத் தங்கள் இளைஞர் பக்கத்தில் வந்த செய்தியையும், அதைத் தொடர்ந்து வெளியான இரண்டு கடிதங்களையும் படித்தோம். ஒருவர், செத்தவர்களை வைத்து விளையாட்டா என்று கேட்டிருந்தார். இன்னொருவர், இளைஞர்கள் விளையாட வேண்டுமானால் நடுநடுவே காமெடி டிராக் சேர்க்கச் சொல்லியிருந்தார். முதல் கடிதத்தில் இருக்கும் வலி நியாயமானது. இரண்டாவது யோசனைதான் எங்களுக்குக் கவலை தருகிறது. மாணவர்கள் அதைக் கேட்டுவிடக் கூடும்.

காமெடி டிராக் என்பது சினிமாவுக்காகத் தனியாக எழுதி, தனியாகப் படமாக்கி, இடையில் செருகுவது. பார்ப்பவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதால் அங்கே ஓரளவு செல்லும். கேமில் எங்கே போவது, யாரிடம் பேசுவது, எவ்வளவு நேரம் நிற்பது என்பதெல்லாம் விளையாடுபவர் முடிவு. எழுதியவர் வரிசையாக அடுக்கிய சிரிப்பும் அழுகையும் அவர் கையில் வரிசை மாறிவிடும். மணலில் ஒரு உடலைப் பார்த்த கையோடு ஒருவர் டீக்கடைப் பக்கம் நடந்து போவார். டீக்கடைக்காரர் காலையில் சொன்ன அதே ஜோக்கை அப்போதும் சொல்வார், ஏனென்றால் சொல்லாதே என்று யாரும் அவருக்கு எழுதி வைக்கவில்லை. இதனால்தான், சோகம் இத்தனை பங்கு, சிரிப்பு இத்தனை பங்கு என்று அளந்து ஊற்றும் கணக்கு இங்கே உதவாது. எந்த இடத்தில், யார் வாயில், விளையாடுபவரின் கை என்ன செய்துகொண்டிருக்கும்போது என்று பார்க்க வேண்டும்.

இதற்கு முன்மாதிரி தேடி ஜப்பானுக்குப் போகும் முன் நம் ஊர்த் திருவிழா மேடையைப் பார்க்கலாம். இராமநாதபுரம், மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்து ஸ்பெஷல் நாடகங்களில் ராஜபார்ட் வருவதற்கு முன்பே பபூன் வந்துவிடுகிறார். கூட்டம் சிரித்து, கால் நீட்டி உட்கார்ந்து, அந்த மேடையோடு பழகிய பிறகுதான் பெரிய கதை. அரிச்சந்திரன் நாடகத்தில் இன்னும் நுட்பம் உண்டு. அங்கே நம்மைச் சிரிக்க வைப்பது அரிச்சந்திரன் மனைவி சந்திரமதியோ மகன் லோகிதாசனோ அல்ல. அவர்களை வேலை வாங்கும் காலகண்டையர் வீட்டு ஆட்கள். அந்தக் கருமித்தனத்தையும் வாய்ச்சண்டையையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருக்கும்போது, அந்த வீட்டுக்காரர் அனுப்பித்தான் பையன் காட்டுக்குப் போகிறான், பாம்பு கடிக்கிறது. மயான காண்டத்துக்குள் யாரும் பபூனை அனுப்பிச் 'சூழ்நிலையை லேசாக்க'ச் சொல்வதில்லை. சிரிப்பு முன்னால் வந்துவிட்டது, துன்பம் தருபவர்கள் வழியாக வந்தது, தன் வேலையை முடித்துக்கொண்டு போய்விட்டது.

கேம்களில் இது தெரியாமல் வழுக்கிய இடத்துக்குப் புகழ்பெற்ற உதாரணம் 1997-இல் வந்த ஃபைனல் ஃபேண்டஸி 7. ஏரித் என்ற பெண் கொல்லப்படும் காட்சி உலகம் முழுக்க ஆட்களை அழ வைத்தது. ஆனால் அதற்குப் பிறகு கதை அதிக தூரம் போவதற்குள் நாயகன் பனிச்சரிவில் ஸ்னோபோர்டு ஓட்டிப் புள்ளி சேர்க்கும் சிறு விளையாட்டு ஒன்று வந்துவிடும். அந்த விளையாட்டில் தனியாக எந்தக் குறையும் இல்லை. துக்கம் காயாத கைக்கு அதைக் கொடுத்ததுதான் குறை.

சரியாகச் செய்த இடத்துக்கு 2013-இல் வந்த தி லாஸ்ட் ஆஃப் அஸ். எல்லி என்ற சிறுமி ஒரு கடி ஜோக் புத்தகத்தை வைத்துக்கொண்டு தன்னை அழைத்துப் போகும் ஜோயலை வழியெல்லாம் அறுப்பாள். ஜோயல் கீழிருந்து தூக்கிவிட, அவள் மேலே ஏறி ஏணியை இறக்குவது இருவருக்கும் வழக்கமாகிவிட்ட வேலை. குளிர்காலப் பகுதியில் அவளுக்கு நேரும் கொடுமைக்குப் பிறகு வசந்தத்தில் அவள் பேச்சு குறைந்துவிடுகிறது. தூக்கிவிடுவதற்காக ஜோயல் கூப்பிட்டால் உடனே வருவதில்லை. கடைசியில் ஏணியை இறக்கப் போனவள் அதைப் போட்டுவிட்டு ஓடுகிறாள். பின்னால் போய்ப் பார்த்தால் ஒட்டகச்சிவிங்கிகள். இங்கே சோகத்தையும் மகிழ்ச்சியையும் சுமப்பது வசனம் அல்ல, விளையாடுபவரின் கைக்குப் பழகிப்போன ஒரு பட்டன் வேலை. அந்தப் பழக்கத்தை உண்டாக்கியது முன்பகுதியின் கலகலப்பு.

தனுஷ்கோடிக்கு வருவோம். டிசம்பர் 22 நள்ளிரவையொட்டி அடித்த புயலில் பாம்பன்–தனுஷ்கோடி பயணிகள் ரயில் அடித்துச் செல்லப்பட்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. தெரிந்த முடிவை நோக்கிப் போகும் கதை இது. 'என்ன நடக்கும்' என்ற ஆவல் இதில் கிடையாது. 'இவர்களுக்கா நடக்கப்போகிறது' என்ற பதைப்பு மட்டும்தான் உண்டு. இவர்களை முதலில் பிடித்துப்போக வேண்டுமே! முதல் காட்சியிலேயே கறுத்த வானம், ஷெனாய், கண்ணீர்க் குரலில் முன்னுரை என்று தொடங்கினால் விளையாடுபவர் மனம் கதவைச் சாத்திக்கொள்ளும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒரே இருட்டாக இருந்தால் பயமும் மரத்துப்போகும், துக்கமும் மரத்துப்போகும்.

எங்கள் யோசனை, கதையை டிசம்பர் 20 காலையில் தொடங்குவது. அன்று தனுஷ்கோடி ஒரு துறைமுக ஊர். ரயில் நிலையம், சுங்க அலுவலகம், தபால் நிலையம், தேவாலயம், தலைமன்னாருக்குக் கப்பல் எல்லாம் உண்டு. கப்பல் பயணிகளை ஏற்றிவரும் போட் மெயில் ரயிலில் வந்து இறங்குபவர்களின் சாமான்களைக் கப்பல் துறைக்குச் சுமக்கும் பதினான்கு வயதுப் பையனை நாயகனாக வையுங்கள். பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சாயாமல் நடத்திக்கொண்டு போவதுதான் அவன் வேலை. ஒரு பட்டனை அழுத்திப் பிடித்தால் சுமை தலையில் நிற்கும், இன்னொன்றால் சாய்வைச் சரிசெய்யலாம். பகலில் அடுக்கு 15 டிகிரி வரை ஆடட்டும். விழுந்தால் கருவாட்டு மூட்டை சுங்க அதிகாரியின் மேசையில் விழட்டும். பெட்டியின் சொந்தக்காரர் ஒருவர் சட்டைக்குள் ஒளித்த சோப்புக் கட்டிகளைக் காப்பாற்றப் படும் பாட்டை எழுதுங்கள். யாரையும் இழிவுபடுத்தாமல் அரைமணி நேரம் சிரிக்க இதில் இடமிருக்கிறது.

பிறகு புயல் இரவில் அதே இரண்டு பட்டன்களால் ஒரு கிழவியையோ குழந்தையையோ இடுப்பளவு தண்ணீரில் தூக்கிக்கொண்டு போக வேண்டும். புதிதாக எதையும் கற்றுத் தர வேண்டாம். திரையில் 'எக்ஸ் அழுத்தவும்' என்று குறிப்பு வந்தால் அந்த நொடியின் கனம் போய்விடும், கையே அறிந்திருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் கவனம் தேவை. பகலில் சிரிப்பு மூட்டிய அதே ஆட்டத்தை இரவிலும் விட்டுவைத்தால் கிழவி தலைக்கு மேல் கருவாட்டு மூட்டையாகத் தள்ளாடுவார். இரவில் சாய்வை 4 டிகிரிக்குள் கட்டிவிடுங்கள். கை பிசகினால் ஆள் விழக் கூடாது. நடை நின்று, மூச்சு வாங்கி, மறுபடி நடக்கட்டும்.

பேரழிவு நெருங்கும்போது ஊர்க்காரர்கள் எப்படிப் பேசிக்கொள்வார்கள் என்பதற்கு 2000-இல் நின்டெண்டோ வெளியிட்ட மஜோராஸ் மாஸ்க்கைப் பார்க்கச் சொல்வோம். மூன்று நாளில் நிலா ஊர்மேல் விழப்போகிறது. ஊர்த்தலைவர் அறையிலோ திருவிழாவை நடத்துவதா, ஊரைக் காலி செய்வதா என்று தச்சரும் காவல்படைத் தலைவரும் மாறி மாறிக் கத்திக்கொண்டிருக்கிறார்கள். பார்த்தால் சிரிப்பு வரும், அதே காட்சி வயிற்றைக் கலக்கவும் செய்யும். ஊரின் பின்னணி மெட்டு ஒன்றுதான். இரண்டாம் நாள் கொஞ்சம் வேகமாகவும் மூன்றாம் நாள் அதைவிட வேகமாகவும் ஒலிக்கும். புதுப் பாட்டு ஒன்றும் போடாமலேயே பயம் ஏறிவிடுகிறது. நம் கேமில் மெட்டுக்குப் பதில் காற்று இருக்கிறது. 20-ஆம் தேதி வாடைக்காற்று டீக்கடைத் தட்டியை லேசாக அசைக்கட்டும், 21-இல் அடிக்கடி தட்டட்டும், 22 மாலையில் டீக்கடைக்காரர் பேசுவது பாதி கேட்காமல் போகட்டும். ஜோக்கின் கடைசி வரியைக் காற்று அடித்துக்கொண்டு போனால், சிரிப்பு தானாகவே நின்றுவிடும். வேறு எச்சரிக்கை தேவையில்லை.

இனி இயந்திரத்துக்குள் செய்ய வேண்டியவை. தவறுகளில் பெரும்பாலானவை கதையில் நேர்வதில்லை, இங்கேதான் நேர்கின்றன.

கூட வருபவர்கள் போகிற போக்கில் பேசும் துண்டு வசனம் ஒவ்வொன்றுக்கும் நான்கு குறிப்புகள் வேண்டும்: எப்போது பேசலாம், எப்போது பேசக் கூடாது, மறுபடி பேச எவ்வளவு நேரம் கழிய வேண்டும், மொத்தம் எத்தனை தடவை. இங்க், யார்ன் ஸ்பின்னர் போன்ற, கேம் வசனம் எழுதும் இலவசக் கருவிகளிலேயே இதைச் செய்யலாம். கதை முழுவதற்கும் ஒரே ஒரு எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். 0 என்றால் இயல்பு, 1 கவலை, 2 அச்சம், 3 துக்கம். ஒவ்வொரு வசனத்துக்கும் அது தாங்கும் உச்ச எண் ஒன்று. மீன் விலைப் பேரத்தில் வரும் கிண்டல் 0 வரைதான். 'உங்க அத்தைக்குப் பயந்து கடலுக்கு வந்தேன், இப்ப கடலும் அவளை மாதிரியே உறுமுது' என்று பையனின் மாமா சொல்வது 1 வரைக்கும் போகும், பயத்தில் பிறக்கும் கிண்டல் அது. 3-இல் தேவையான சொற்கள் மட்டும்: 'இந்தப் பக்கம்', 'கையைப் பிடி', 'தம்பி எங்கே?'

அந்த எண்ணைக் கடிகாரத்தை வைத்துக் குறைக்கக் கூடாது. இது அடிக்கடி நடக்கும் பிழை. 'ஐந்து நிமிடம் கழித்து 3-லிருந்து 1-க்கு வா' என்று எழுதிவைத்தால், விளையாடுபவர் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்து வந்த நேரத்தில் கேமுக்குள் துக்கம் தீர்ந்திருக்கும். வந்து உட்கார்ந்ததும் சவத்தின் அருகிலேயே யாராவது கிண்டல் பேசுவார்கள். விளையாடுபவர் செய்து முடிக்கும் காரியத்தைக் கொண்டுதான் எண் இறங்க வேண்டும். புதைத்து முடித்தால் 2, வேறு இடம் போய் ஒருவருக்குத் தண்ணீர் கொடுத்தால் 1. 0-க்குத் திரும்பவே கூடாத கதைகளும் உண்டு. இது அப்படிப்பட்டது என்பது எங்கள் எண்ணம்.

அடுத்தது வரிசையில் காத்திருக்கும் வசனம். வல்லம் என்னும் நாட்டுப் படகில் போகும்போது மாமா ஒரு நீண்ட கதையை ஆரம்பிக்கிறார். முடிவதற்குள் வல்லம் கரை தட்டிவிடுகிறது. 2018-இல் வந்த காட் ஆஃப் வார் இதற்கு நல்ல வழி செய்தது. படகை விட்டு இறங்கினால் கதை சொல்பவர் மீதியைப் பிறகு சொல்வதாக நிறுத்திக்கொள்வார், மறுபடி ஏறினால் விட்ட இடத்திலிருந்து தொடர்வார். மாணவர்கள் இதைத் தாராளமாகப் பின்பற்றலாம். ஆனால் நடுவே ஒரு மரணம் நிகழ்ந்துவிட்டால் காத்திருக்கும் வரிசை முழுவதையும் அழிக்கும் ஒரு கட்டளை வேண்டும். அதை மறந்தால், மகனைப் பறிகொடுத்த மனிதர் படகில் ஏறியதும் 'எங்கே விட்டேன்? ஆங், அந்த எருமை…' என்று தொடங்குவார். சோதனையில் இது சுலபத்தில் சிக்காது. கதையை அந்த இடத்தில் அறுத்துவிட்டு வந்தவருக்கு மட்டுமே வரும்.

ஒரே ஜோக் திரும்பத் திரும்ப வருவதும் தொனியைக் கெடுக்கும். சந்தையில் பேசும் ஒவ்வொருவருக்கும் குறைந்தது ஆறு முதல் எட்டு வேறு வரிகள் எழுதுங்கள். குலுக்கல் முறையில் எடுத்தால் ஒரே வரி அடுத்தடுத்து இரண்டு முறை வரும். எட்டையும் கலைத்துப் போட்டு, எட்டும் தீர்ந்த பிறகே மறுபடி கலைக்கும்படியும், கடைசியாக வந்த வரி அடுத்த சுற்றில் முதலாக வராதபடியும் எழுதினால் வராது. இரண்டு வரிகளுக்கு நடுவே 40 விநாடியாவது அமைதி இருக்கட்டும்.

2015-இல் வந்த அண்டர்டேல் இந்தச் சிறு வசனங்களையே ஆயுதமாக்கியது. அதில் வரும் பூதங்கள் எல்லாம் கோமாளிகள். கொல்லாமலும் போகலாம், கொன்றும் போகலாம். எல்லோரையும் கொன்றுகொண்டே போனால் ஊர்கள் வெறிச்சோடும், கடையில் ஆள் இருக்க மாட்டார், ஜோக் சொல்ல வாய் மிஞ்சாது. கடைசியில் எதிரே வந்து நிற்பவர் முதலில் அதிகம் சிரிக்க வைத்த எலும்புக்கூடு சான்ஸ். தனுஷ்கோடியில் கொன்றது கடல், விளையாடுபவர் அல்ல. ஆகவே அந்தக் குற்ற உணர்வை இங்கே இறக்குமதி செய்யக் கூடாது. 'நீ வேகமாக ஓடாததால்தான் அவர் செத்தார்' என்று சொல்லும் கேம் பிழைத்தவர்களின் வீட்டுப் பிள்ளைகளைக் குத்தும். எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. 20-ஆம் தேதி 'என்ன மாமா, வானம் ஒரு மாதிரி இருக்கே?' என்று பையன் கேட்கும் பட்டன் 23 காலையிலும் திரையில் தெரியட்டும். அழுத்தினால் பையன் பக்கவாட்டில் திரும்பிப் பார்ப்பான். பதில் வராது. திரும்பிப் பார்க்கும் அந்த அசைவு அவசியம். அது இல்லாவிட்டால் பட்டன் வேலை செய்யவில்லை என்று நினைத்து நாலு தடவை குத்துவார்கள். ஒருமுறைக்குப் பிறகு பட்டனையே எடுத்துவிடுங்கள்.

உடல்களைப் பற்றிச் சொல்லவே சங்கடம்தான், ஆனால் சொல்லாமல் விட்டால் அங்கேதான் மானம் போகும். கேமை இயக்கும் மென்பொருள்களான என்ஜின்கள் இறந்த உடலைத் தளர்ந்த பொம்மையாக்கி இயற்பியல் கணக்கிடம் ஒப்படைக்கும். தண்ணீரில் மிதக்கும் கணக்கும் அதோடு சேர்ந்தால் கைகால் வெட்டி இழுக்கும், உடல் துள்ளும், சுவருக்குள் பாதி புகும். பார்ப்பவர் சிரித்துவிடுவார், பிறகு சிரித்ததற்காகக் கூசுவார். அந்தக் காட்சிகளில் இயற்பியலை முற்றாக நிறுத்திவிட்டு, கையால் அமைத்த அசையாத உருவத்தை வேட்டியோ சேலையோ மூடி வையுங்கள். அருகில் அழுபவருக்கும் பொது அசைவுத் தொகுப்பை நிறுத்துங்கள். இல்லையென்றால் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அவர் தலையைச் சொறிவார், கொட்டாவி விடுவார். விளையாடுபவரின் குதிக்கும் பட்டனையும் அங்கே முடக்க வேண்டும். காமிராவை மட்டும் அவரிடமே விடுங்கள்; முகத்தைத் திருப்பிக்கொள்ள விரும்புபவரைத் தடுக்க வேண்டாம்.

திரையோரச் சத்தங்கள் இன்னொரு தொல்லை. தந்தையின் உடலைக் கண்ட நொடியில் 'பணி முடிந்தது' என்று மணி அடிக்கும். ஸ்டீம், பிளேஸ்டேஷன் போன்ற கேம் தளங்களில் 'சாதனை பெற்றீர்கள்' என்ற பட்டை திரையோரத்தில் குதிக்கும். பட்டையின் தோற்றத்தை நாம் மாற்ற முடியாது, ஆனால் எப்போது அனுப்புவது என்பது நம் கையில். காட்சி முடிந்து அடுத்த இடம் வந்த பிறகு அனுப்பினால் போதும். பொருள் எடுக்கும் ஓசை, குறிப்பேட்டு வாசகம், காத்திருக்கும் திரையில் வரும் குறும்புக் குறிப்புகள் எல்லாவற்றையும் அதே 0–3 எண்ணோடு கட்டிவிடுங்கள். பையனுக்குக் கோமாளித் தொப்பி பரிசாகக் கொடுத்திருந்தால், 22 மாலையில் காற்று அதைப் பறித்துக்கொண்டு போகும்படி கதையிலேயே எழுதிவிடலாம்.

தமிழ் எழுத்தும் காலை வாரும். யூனிட்டி என்ஜினில் எழுத்தைக் காட்டும் டெக்ஸ்ட்மெஷ் புரோ கூடுதல் கருவி இல்லாமல் ஒகர, ஓகாரக் கொம்புகளைச் சரியான இடத்தில் வைப்பதில்லை. 'வாப்பா போயிட்டாங்க' என்ற வரியில் 'போ' உடைந்து தெரிந்தால் அந்தக் காட்சி அங்கேயே கேலிக்கூத்தாகிவிடும். காடோ 4, அன்ரியல் என்ற வேறு என்ஜின்கள் இதைச் சரியாகக் கோக்கின்றன. சப்டைட்டிலில் ஜோக்கின் முடிச்சையும் அவிழ்ப்பையும் ஒரே பலகையில் போடாதீர்கள். குரல் சொல்வதற்குள் கண் படித்துவிடும், சிரிப்பு செத்துவிடும். சோக வரிக்கும் இதே விதிதான். 'தம்பி… காலையில் வந்த ரயில்ல இல்லை' என்பதை இரண்டாக வெட்டி, நடுவே ஒன்றரை விநாடி வெற்றாக விடுங்கள்.

யாரைப் பார்த்துச் சிரிப்பது என்பதில் நம் கரைக்கென்று சில வரம்புகள் உண்டு. கீழக்கரை, பெரியபட்டினம் பக்கத்து முஸ்லிம்களின் 'காக்கா' (அண்ணன்), 'ராத்தா' (அக்கா) பேச்சும், மண்டபம் முகாம் வழியாக வந்தவர்களின் ஈழப் பேச்சும் வசனத்தில் வரட்டும். ஆனால் அந்தப் பேச்சே ஜோக்காக இருக்கக் கூடாது. அந்தப் பேச்சில் அவர்கள் மற்றவர்களைக் கிண்டல் செய்யட்டும். இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். பேய் கேம்களில் மனநல விடுதி என்றாலே பயமுறுத்தலும் அசட்டுச் சிரிப்புமாக ஒரு வாய்ப்பாடு இருக்கிறது. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் இறந்தார்கள். இந்த மாவட்டத்தில் இருந்துகொண்டு அந்த வாய்ப்பாட்டைத் தொடுபவருக்கு மன்னிப்பே கிடையாது.

துக்கத்துக்குப் பிறகு சிரிப்பே கூடாதா என்று கேட்கலாம். கூடும், பறிகொடுத்தவர் வாயிலிருந்து வந்தால். ஒப்பாரிக்கு நடுவிலேயே வராத உறவைக் குத்திக்காட்டும் வரி ஒன்று விழுவதை நம் பக்கத்துப் பெண்கள் நன்றாக அறிவார்கள். மணலில் உட்கார்ந்திருக்கும் அத்தை, 'கடன் கேட்டு வருவான்னு ஒளிஞ்சவரு, இப்படியா ஒளியுறது' என்று சொல்லலாம். பக்கத்தில் இருப்பவர் அதைச் சொல்லக் கூடாது. விளையாடுபவருக்கு அதைச் சொல்லும் தேர்வையும் தரக் கூடாது. 2023-இல் வந்த வெண்பா, கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கசப்பைச் சமையல் புதிர்களுக்கு நடுவே சொல்கிறது. அதன் லேசான தன்மை அந்தப் பெண் தன் அடுப்படியில் செய்யும் காரியத்திலிருந்தே வருகிறது, வெளியிலிருந்து யாரும் வந்து வேடிக்கை காட்டுவதில்லை. அதையும் மாணவர்கள் விளையாடிப் பார்க்கலாம்.

புயல் பகுதியில் கடினம் கூட்ட வேண்டாம். பிரிவு வசனத்துக்கு முன்னால் செக்பாயின்ட் (செத்தால் மறுபடி தொடங்கும் இடம்) வைத்து, பிறகு அலையில் ஐந்து தடவை சாக விட்டால், ஐந்தாம் தடவை அந்த அம்மா கையை நீட்டி அழும்போது விளையாடுபவர் ஸ்கிப் பட்டனைத் தேடுவார். செக்பாயின்ட்டை வசனத்துக்குப் பின்னால் வையுங்கள். பெரிய அலை அடித்து ஓய்ந்ததும் 20, 30 விநாடிக்கு இசையே வேண்டாம். காற்றும் தண்ணீரும் போதும்.

குறியீடு எழுதுவதற்கு முன்பே தாளில் ஒரு அட்டவணை போட்டுப் பாருங்கள். காட்சிக்கு ஒரு வரி. கை என்ன செய்கிறது, காதில் என்ன கேட்கிறது, யார் சிரிக்கிறார், யாரைப் பார்த்து என்று நான்கு கட்டம். கனமான காட்சி இரண்டுக்கு மேல் தொடர்ந்து வந்தால் நடுவே நான்கைந்து நிமிட இளைப்பாறல் தேவை. அது ஜோக்காக இருக்க வேண்டியதில்லை. வலையைக் காயப் போடுவது, கஞ்சி காய்ச்சுவது, நாய்க்கு மீன் போடுவது எதுவானாலும் சரி. பிறகு ஐந்தாறு பேரைத் தனித்தனியாக உட்கார வைத்து, எதுவும் விளக்காமல் விளையாட விட்டு, அவர்கள் முகத்தையும் திரையையும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள். சிரித்த நிமிடங்களைக் குறித்துக்கொண்டு, வர வேண்டாத இடத்தில் வந்த சிரிப்பை முதலில் தேடுங்கள். பத்தில் ஏழெட்டு உடல் துள்ளியதாகவோ எழுத்து உடைந்ததாகவோ இருக்கும், கதை எழுதியவரைத் திட்ட வேண்டியிராது. பாம்பனிலும் இராமேசுவரத்திலும் அந்த இரவைக் கடந்த முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் திரையைக் காட்டும் முன், அனுமதி கேட்டு, வசனத்தை வாய்விட்டு வாசித்துக் காட்டுங்கள். இறந்தவர் எவரின் உண்மைப் பெயரையும் பாத்திரத்துக்கு வைக்காதீர்கள்.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. நாளிதழ்களின் பழைய தொகுப்புகளில் 1964 டிசம்பர் முதல் மூன்று வாரத்துப் பக்கங்களை அந்த மாணவர்கள் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். புயல் செய்தி பிறகு பார்த்துக்கொள்ளலாம். அதற்கு முந்தைய நாள்களின் சினிமா விளம்பரம், துணிக்கடை விலை, ரயில் நேரம், காணவில்லை அறிவிப்பு, ஆசிரியருக்கு வந்த சண்டைக் கடிதங்கள் இவைதான் முதலில் வேண்டும். டீக்கடைக்காரர் எதைச் சொல்லிச் சிரிக்க வைப்பார் என்பது அந்தப் பக்கங்களில்தான் கிடைக்கும்.

இப்படிக்கு,
கேம் கதை எழுதும் வாசகர்கள் சிலர்,
மண்டபம், இராமநாதபுரம் மாவட்டம்.